லிஸ்டீரியா மூளைத்தண்டை எந்த வழியாக அடைகிறது?

உணவோடு உள்ளே போகும் ஒரு பாக்டீரியா, குடலில் பெரிய தொல்லை எதுவும் தராமல், பத்து நாள் கழித்துப் பிடரிக்கு நேர் உள்ளே இருக்கும் மூளைத்தண்டில் சீழ்ப்பொட்டுகளாக முளைக்கிறது. எப்படி? லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்ற கிருமியைப் பற்றிப் பல பத்தாண்டுகளாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது. இரத்தத்தோடு போகிறது என்கிறது ஒரு தரப்பு. வாயிலும் முகத்திலும் ஓடும் நரம்புகளின் உட்புறமாகவே ஊர்ந்து போகிறது என்கிறது மற்றொன்று. இரண்டுக்கும் வலுவான சான்றுகள் உண்டு. இரண்டிலும் ஓட்டைகளும் உண்டு.

இது ஆய்வுக்கூடத்துக்குள் அடங்கிவிடும் கேள்வி அல்ல. கிருமி இரத்தத்தில் இருக்கும் என்று நம்பும் மருத்துவர் இரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பார். முதுகில் ஊசி போட்டு எடுக்கும் தண்டுவட நீரில் இருக்கும் என்று நம்புபவர் அந்த நீர் தெளிவாக இருப்பதைக் கண்டு, தொற்று இல்லை என்று முடிவுகட்டிவிடக்கூடும். இந்த நோயில் அந்தக் காத்திருப்பும் அந்த முடிவும் உயிரைப் பறித்திருக்கின்றன.

நோயின் முகம்

மூளைத்தண்டு கட்டைவிரல் பருமனுள்ள ஒரு பகுதி. கண்ணை அசைப்பது, முகத்தைச் சுளிப்பது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகியவற்றுக்கான நரம்பு மையங்கள் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. கை கால்களுக்குப் போகும் நரம்புப் பாதைகளும் அதன் வழியாகத்தான் இறங்குகின்றன. அங்கே கடுகளவு சீழ் கட்டினாலும் விளைவு பெரிது.

நோய் இரண்டு கட்டமாக வரும். முதல் நான்கைந்து நாள் தலைவலி, காய்ச்சல், குமட்டல், வாந்தி. எந்தக் காய்ச்சலுக்கும் பொருந்தும் அடையாளங்கள் இவை. அதன்பின் திடீரென்று முகத்தின் ஒரு பக்கம் தொங்கும். பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும். தண்ணீர் குடித்தால் புரையேறும். நடை தள்ளாடும். முகத்தின் இடப்பக்கம் செயலிழந்திருக்க, வலக்கையும் வலக்காலும் வலுவிழந்திருப்பதையும் காணலாம். மேலே ஒரு பக்கம், கீழே மறுபக்கம் என்ற இந்தக் குறுக்கு அமைப்பைக் கண்டால் நரம்பியல் மருத்துவர் மூளைத்தண்டைச் சந்தேகிப்பார். ஆனால் முதலில் பார்ப்பவர் நரம்பியல் மருத்துவராக இருப்பது அரிது. பக்கவாதம் என்றோ, காதின் சமநிலைக் கோளாறு என்றோ எண்ணப்பட்டுவிடுகிறது.

ஆம்ஸ்ட்ராங், ஃபங் என்ற இருவர் 1993-இல் மருத்துவ இதழ்களில் பதிவான 62 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தார்கள். இன்றும் இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் தொகுப்பு அது. அந்த 62 பேரில் பாதிப்பேர் இறந்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் இருவருக்கு மூச்சு தடைப்பட்டது. கிருமிக்கு மருந்து பெறாத அனைவரும் இறந்தார்கள். தொடக்கத்திலேயே ஆம்பிசிலினோ பெனிசிலினோ பெற்றவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள். பிழைத்தவர்களிலும் பெரும்பாலோருக்கு ஏதாவதொரு குறை மிஞ்சியது. இந்த எண்களுக்குள் இருக்கும் இடைவெளி மருந்தின் வலிமையைச் சொல்வதோடு, எத்தனை பேருக்கு அது நேரத்தில் கிடைக்கவில்லை என்பதையும் சொல்கிறது.

சுற்றும் ஆடுகளிலிருந்து தொடங்கிய கதை

கேம்பிரிட்ஜில் மரே, வெப், ஸ்வான் ஆகிய மூவர் ஆய்வுக்கூட முயல்களிடம் கண்டெடுத்த இக்கிருமியை 1926-இல் விவரித்தார்கள். நோயுற்ற முயல்களின் இரத்தத்தில் மோனோசைட் என்ற வெள்ளையணு பெருகியிருந்ததால் அதற்கு மோனோசைட்டோஜீன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவில் ஜெர்பில் என்ற காட்டெலி இனத்தில் பிரி என்பவர் இதைக் கண்டார். அறுவை மருத்துவர் ஜோசஃப் லிஸ்டரின் நினைவாக அவர் வைத்த பெயரே திருத்தம் பெற்று 1940-இல் லிஸ்டீரியா ஆயிற்று.

மூளைத்தண்டின் கதை நியூசிலாந்தில் தொடங்குகிறது. 1930களின் தொடக்கத்தில் டி. ஏ. கில் என்ற கால்நடை மருத்துவர் அங்குள்ள செம்மறிகளிடம் சுற்றுநோய் என்று அழைக்கப்பட்ட ஒன்றை ஆராய்ந்து, அதற்குக் காரணம் இந்தக் கிருமியே என்று காட்டினார். நோய் கண்ட ஆடு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒரே திசையில் சுற்றிச் சுற்றி வரும். ஒரு காது தொங்கும். அதே பக்கத்து உதடு தளர்ந்து எச்சில் வழியும். மென்ற தீனி கன்னத்துக்குள் அடைந்து நிற்கும், ஆட்டால் அதை விழுங்க முடியாது. மனிதனுக்கு வரும் நோயின் அதே படம்தான் இது. ஒரு பக்கம் மட்டும் தாக்கப்படுவது ஏன் என்ற கேள்வியின் வித்து இந்த ஆடுகளிடமே இருக்கிறது.

ஐஸ்லாந்தின் விவசாயிகள் இதற்கு ஊறுகாய்ப்புல் நோய் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பசும்புல்லைக் காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைத்து, குளிர்காலத் தீனியாகக் கொடுப்பது அங்கே வழக்கம். புளிப்பு சரியாக ஏறாத ஊறுகாய்ப்புல்லில் லிஸ்டீரியா பெருகும். விவசாயிகள் வைத்த பெயரிலேயே நோய் வரும் வாசல் வாய்தான் என்ற செய்தி இருந்தது. அறிவியல் அதை நிறுவப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

இடையில் ஒரு முட்டுக்கட்டை. நோயுற்ற மாட்டின் மூளையில் கிருமி இருப்பது தெளிவு, ஆனால் அதை வளர்த்தெடுக்க முயன்றால் பல முறை எதுவும் முளைப்பதில்லை. 1948-இல் அமெரிக்காவில் கிரே என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் மூளையைக் கரைத்த நீரை 4 டிகிரி குளிரில் வைத்துவிட்டு, வாரக்கணக்கில் விட்டுவிட்டு மீண்டும் மீண்டும் எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். முதல் நாள் ஒன்றும் தராத அதே மூளை பின்னர் கிருமியைத் தந்தது. மற்றக் கிருமிகள் முடங்கும் குளிரில் லிஸ்டீரியா மெல்லப் பெருகுகிறது. குளிர்ப்பெட்டியில் வைத்த பாலாடைக்கட்டி எப்படி ஆபத்தாகிறது என்பதற்கும் இதுவே விளக்கம். மூளையில் கிருமியின் எண்ணிக்கை குறைவாகவும் அது செல்களுக்குள் ஒளிந்தும் இருக்கும் என்ற குறிப்பும் இதில் அடங்கியிருந்தது.

1957-இல் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்றில் எக் என்பவர் மனிதரிடம் இந்த மூளைத்தண்டு வடிவத்தை விவரித்தார். மற்றொன்றில் ஜப்பானிய கால்நடை ஆய்வாளர்களான அசாஹி, ஹொசோடா, அகியாமா ஆகியோர், கிருமி வாய்ப்பகுதியிலிருந்து முப்பெருநரம்பின் வழியாக மூளைக்குப் போகிறது என்ற கருத்தைச் சோதனைகளோடு முன்வைத்தார்கள். முப்பெருநரம்பு என்பது முகத்தின் தொடு உணர்வையும் மெல்லும் தசைகளையும் மூளைத்தண்டோடு இணைக்கும் பெரிய நரம்பு.

இரத்த வழி

இரத்த வழிக்காரர்களின் வாதம் எளிமையானது. லிஸ்டீரியா குடல் சுவரைத் துளைக்கும் திறன் கொண்டது. ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிறது, இரத்தத்தில் கலக்கிறது, கருவுற்ற பெண்ணின் நச்சுக்கொடிக்குள்ளும் நுழைகிறது. இவ்வளவும் இரத்தத்தின் வழியாகவே நடக்கும்போது மூளைக்கு மட்டும் தனிப் பாதை எதற்கு? 1995-இல் பிரான்சின் பெர்ஷ், சுண்டெலிகளின் மூளைக்குள் கிருமி நுழைய இரத்தத்தில் அது நீடித்திருப்பது தேவை என்று காட்டினார். அமெரிக்காவின் டிரெவெட்ஸ் குழுவினர், கிருமியை விழுங்கிய மோனோசைட்டுகளே அதை மூளைக்குச் சுமந்து செல்கின்றன என்று விரிவாக வாதிட்டார்கள். பாதுகாவலனின் உடலுக்குள் ஒளிந்து கோட்டைக்குள் நுழைவது போன்றது இது. கிருமிக்குப் பெயர் தந்த அதே வெள்ளையணு இங்கே அதன் வாகனமாகிறது.

இந்தத் தரப்புக்கு அண்மையில் வந்த பெரிய வலு, பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் லெக்வியின் குழு 2022-இல் வெளியிட்ட ஆய்வு. கிருமியைச் சுமக்கும் மோனோசைட்டை உடலின் டி-செல்கள் அடையாளம் கண்டு கொல்ல வேண்டும். ஆனால் லிஸ்டீரியாவின் மேற்பரப்பில் உள்ள இன்டர்னாலின்-பி என்ற புரதம், மோனோசைட்டுக்குள் ஒரு தொடர்வினையைத் தூண்டி அந்த மரணக் கட்டளையைச் செயலிழக்கச் செய்கிறது. வாகனம் நெடுநேரம் உயிரோடு ஓடுகிறது, மூளையின் இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. சுண்டெலிகளில் செய்யப்பட்ட இந்த ஆய்வு ஓர் இயக்கத்தைக் கண்ணி கண்ணியாக விளக்கியது. இத்துறையில் அத்தகைய முழுமை அரிது.

ஆனாலும் ஓர் இடத்தில் இந்த விளக்கம் தடுமாறுகிறது. இரத்தம் மூளை முழுவதற்கும் போகிறது. இரத்தத்தோடு வரும் கிருமி மூளை உறைகளைத் தாக்கினால் புரிகிறது, பெருமூளையில் சீழ்க்கட்டி உண்டாக்கினாலும் புரிகிறது. மூளைத்தண்டை மட்டும், அதிலும் ஒரு பக்கத்தை மட்டும், தேர்ந்தெடுப்பது ஏன்? இரத்த வழிக் கோட்பாடு மூளை உறை அழற்சியை நன்றாக விளக்குகிறது. மூளைத்தண்டு வடிவத்தை அது இன்னும் விளக்கவில்லை என்பதே என் கணிப்பு.

நரம்பு வழி

ஒரு பக்கச் சாய்வு என்ற இந்தப் புதிரிலிருந்தே நரம்புக் கோட்பாடு பிறந்தது. 1977-இல் சார்ல்டனும் கார்சியாவும் இயற்கையாக நோயுற்ற செம்மறிகளின் திசுக்களைப் பார்த்து, மூளைத்தண்டில் மட்டுமல்லாமல் அதற்கு வரும் முப்பெருநரம்பிலும் அழற்சி இருப்பதைப் பதிவு செய்தார்கள். 1989-இல் ஆட்டரும் பிளேக்மோரும் நரம்பிழைகளுக்குள்ளேயே கிருமியைக் கண்டார்கள்.

இந்தத் தரப்பின் மிகத் தெளிவான சோதனை 2001-இல் நார்வேயின் ஆன்டல் குழுவினர் செய்தது. சுண்டெலியின் முகத்தசையில் ஒரு பக்கம் மட்டும் கிருமியைச் செலுத்தினார்கள். அதே பக்கத்து மூளைத்தண்டில் அழற்சி வந்தது. பிறகு இடத்தை மாற்றி, பின்னங்கால் தசையில் செலுத்தினார்கள். இப்போது மூளைத்தண்டை விட்டுவிட்டு, அந்தக் காலுக்குரிய தண்டுவடப் பகுதியில் அழற்சி வந்தது. காலின் நரம்பிழைகளுக்குள் கிருமி தெரிந்தது. கடைசியாக, கிருமி செலுத்திய இடத்துக்கு மேலே காலின் நரம்பை வெட்டிவிட்டார்கள். தண்டுவட அழற்சி வரவில்லை. இரத்தக்குழாய்கள் அப்படியே இருந்தன, நரம்பு மட்டுமே துண்டிக்கப்பட்டிருந்தது. நரம்பு ஒரு பாதையாகப் பயன்படக்கூடும் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது கடினம்.

நரம்புக்குள் கிருமி எப்படி நகர்கிறது? 1989-இல் டில்னியும் போர்ட்னாயும் காட்டியபடி, லிஸ்டீரியா தான் புகுந்த செல்லின் ஆக்டின் புரதத்தைத் தன் பின்புறத்தில் இழைகளாகப் பின்னிக்கொள்கிறது. அந்த இழைகள் வளர வளர, வால் தள்ளிய வாணம்போலக் கிருமி முன்னே போகிறது. ஒரு செல்லின் சுவரைப் பிதுக்கி அடுத்த செல்லுக்குள் நுழைகிறது. இடையில் அது வெளியே தலைகாட்டுவதே இல்லை. இரத்தத்தில் சுற்றும் எதிர்ப்புப் புரதங்கள் அதைத் தொட முடிவதில்லை. 2015-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் குழுவினர், மூளைக்குள் நரம்பிழை வழியாகப் பரவுவதற்கும் இந்த ஆக்டின் தள்ளலே காரணம் என்று காட்டினார்கள்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செல்லுக்குள் லிஸ்டீரியாவின் வேகம் நிமிடத்துக்குச் சில மைக்ரான் முதல் இருபது மைக்ரான் வரை. பத்து என்று வைத்துக்கொள்வோம். உதட்டிலிருந்து மூளைத்தண்டுக்கு நரம்பின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர், அதாவது 1,20,000 மைக்ரான். 12,000 நிமிடங்கள் தேவை. எட்டு நாளுக்குச் சற்றுக் கூடுதல். பிரான்சின் கூலே குழுவினர் 2013-இல் தொகுத்தபடி, கெட்ட உணவை உண்ட நாளிலிருந்து நரம்பு மண்டல நோய் தலைகாட்ட எடுக்கும் காலத்தின் நடுமதிப்பு 9 நாள். இரத்தத் தொற்றுக்கு அது 2 நாள்தான். இந்தப் பொருத்தம் கவர்ச்சியானது. ஆனால் அதில் மயங்கிவிடக் கூடாது. கிருமி நேர்கோட்டில் போவதில்லை, வழியில் தங்கிப் பெருகும், திரும்பவும் செய்யும். அந்த 9 நாள் கணக்கில் மூளை உறை அழற்சி நோயாளிகளும் சேர்ந்திருக்கிறார்கள். நரம்பு வழி நடக்கக்கூடியதே என்பதற்குமேல் இந்தக் கணக்கு எதையும் நிறுவாது.

மனிதரிடமிருந்து கிடைக்கும் சான்றுகள் மறைமுகமானவை. ஆன்டல் குழுவினர் 2005-இல் இந்நோயால் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து, வாய்க்கும் தொண்டைக்கும் போகும் நரம்புகளின் மையங்களையும் பாதைகளையும் ஒட்டியே அழற்சி இருந்ததைக் காட்டினார்கள். டென்மார்க்கில் கார்ல்சன் குழுவினர் 2017-இல், நோயின் தொடக்கத்திலேயே முப்பெருநரம்பு பாதிக்கப்படுவதைத் தங்கள் நோயாளிகளிடமும் பழைய பதிவுகளிலும் கண்டார்கள். முகத்தில் ஒரு பக்கம் மரத்துப்போவதும் வலிப்பதும் சிலருக்கு முதல் அடையாளமாக இருந்திருக்கிறது.

இனி இதன் குறைகள். தசைக்குள் ஊசியால் செலுத்திய கோடிக்கணக்கான கிருமியும், பாலாடைக்கட்டியோடு வாய்க்குள் போன சில ஆயிரம் கிருமியும் ஒன்றல்ல. நரம்பு வழி மட்டுமே உண்மையென்றால் இரத்தத்தில் கிருமி இருக்கக் கூடாது. ஆனால் ஆம்ஸ்ட்ராங், ஃபங் தொகுப்பில் ஐந்தில் மூவரின் இரத்தத்தில் கிருமி வளர்ந்தது. குடலிலிருந்து இரத்தத்துக்கும் வாயிலிருந்து நரம்புக்கும் ஒரே நேரத்தில் போயிருக்கலாம் என்று பதில் சொல்கிறார்கள். அது நியாயமான பதில்தான், ஆனால் சோதிக்கப்படாத பதில்.

வாயில் எந்த இடத்தில் நுழைகிறது என்பதும் தெளிவாகவில்லை. 1985-இல் பார்லோ, மெக்கோரம் ஆகியோர், ஆடுகள் பல் மாற்றும் பருவத்தில் ஈறில் உண்டாகும் புண்ணே வாசல் என்று கருதினார்கள். முரட்டுத் தீனி வாயைக் கீறுவதும் காரணமாகச் சொல்லப்படுகிறது. 2011-இல் பெர்ன் குழுவினர் ஆடுமாடுகளின் வாய்த்தோலிலும் நரம்பைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களிலும் ஈ-கேட்ஹெரின் என்ற புரதத்தைக் கண்டார்கள். லிஸ்டீரியாவின் இன்டர்னாலின்-ஏ பூட்டிக்கொள்ளும் கொக்கி இந்தப் புரதம்தான். ஆக, புண் இல்லாமலேயே நுழைவதும் நடக்கலாம். மனிதரின் ஈறைப் பற்றி இவ்வளவுகூடத் தேடப்படவில்லை.

வேறு இரு வாசல்கள்

குடலுக்கும் மூளைத்தண்டுக்கும் இடையே நேராக ஓடும் நரம்பு ஒன்று உண்டு, வேகஸ். அதன் வழியாகக் கிருமி ஏறுகிறது என்றால், வாயில் புண்ணைத் தேடவே வேண்டாம். நோயாளிகளின் எம்.ஆர்.ஐ. படங்களில் மூளைத்தண்டின் பின்புறம் அடிக்கடி பாதிக்கப்படுவதும் இதற்கு ஒத்துவருகிறது. ஆனால் ஒத்துவருவது சான்றாகிவிடாது. பிறந்த குட்டிகளின் மூளைக்கு மூக்கின் மணவுணர் நரம்பு வழியாகக் கிருமி போவதை 2018-இல் ஜெர்மனியில் சுண்டெலிகளிடம் காட்டினார்கள். அந்த வழி பெருமூளையின் முன்பகுதிக்குப் போகிறது, மூளைத்தண்டுக்கு அல்ல. பச்சிளங்குழந்தைகளின் நோயை அது விளக்கலாம்.

எலியை எவ்வளவு நம்புவது?

மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவை சுண்டெலியிடம் செய்யப்பட்டவை. அங்கேதான் ஒரு பெரிய இடர் இருக்கிறது. 1999-இல் லெக்வியும் கோசாரும் கண்டறிந்தபடி, மனித ஈ-கேட்ஹெரினில் 16-ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. சுண்டெலியிடம் அதே இடத்தில் குளூட்டமிக் அமிலம் இருக்கிறது. இந்த ஓர் எழுத்து மாற்றத்தால் இன்டர்னாலின்-ஏ சுண்டெலியின் கொக்கியில் பூட்டிக்கொள்ள முடிவதில்லை. உணவு வழியாகச் சுண்டெலிக்கு லிஸ்டீரியா எளிதில் தொற்றாததற்கு இதுவே முக்கியக் காரணம். மாறாக, முயலிடமும் கினிப்பன்றியிடமும் இன்டர்னாலின்-ஏ வேலை செய்கிறது, இன்டர்னாலின்-பி வேலை செய்வதில்லை. இரண்டும் வேலை செய்யும் சிறு விலங்கு ஜெர்பில். 1927-இல் பிரி இந்நோயைக் கண்ட விலங்கும் ஒரு ஜெர்பில் இனமே. எண்பது ஆண்டு சுற்றிவந்து ஆய்வுலகம் தொடங்கிய இடத்துக்கே வந்தது.

விலங்குச் சோதனை ஒரு துறையையே தவறான வழியில் கூட்டிச்சென்ற முன்னுதாரணம் உண்டு. இளம்பிள்ளைவாதக் கிருமி மூக்கிலிருந்து நரம்பு வழியாகவே மூளைக்குப் போகிறது என்று ஃபிளெக்ஸ்னர் என்பவரின் குரங்குச் சோதனைகளை வைத்துப் பல பத்தாண்டுகள் நம்பினார்கள். 1952-இல் டோரத்தி ஹார்ஸ்ட்மன்னும் டேவிட் போடியனும் தனித்தனியே, வாதம் வருவதற்கு முன்பே கிருமி இரத்தத்தில் இருப்பதைக் கண்டார்கள். தடுப்பூசிக்கான வழி அதனால் திறந்தது. லிஸ்டீரியாவில் நரம்பு வழிக்கு ஆதரவாகச் சாயும் எவரும் இந்த வரலாற்றை மறக்கக் கூடாது. ஒரு வேறுபாடும் உண்டு. செம்மறிக்கு வரும் சுற்றுநோய் ஆய்வுக்கூடம் உண்டாக்கிய நோய் அல்ல. அது பட்டியிலும் மேய்ச்சல் நிலத்திலும் தானாக வரும் நோய். அதனால் ஆட்டின் சாட்சியத்துக்கு எலியின் சாட்சியத்தைவிட அதிக எடை தரலாம் என்று கருதுகிறேன்.

எல்லா லிஸ்டீரியாவும் ஒன்றல்ல

பாதையைப் பற்றிய விவாதத்தில் நெடுநாள் கவனிக்கப்படாமல் இருந்தது கிருமியின் குலம். 1981-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் 41 பேருக்கு லிஸ்டீரியா நோய் வந்தது. பெரும்பாலோர் கருவுற்ற பெண்களும் பச்சிளங்குழந்தைகளும். மூலம் தேடிப்போனபோது அது முட்டைக்கோஸ் சாலடில் முடிந்தது. அந்த முட்டைக்கோஸை விளைவித்தவர் செம்மறிகளும் வளர்த்தார், ஆட்டுப்புழுக்கையை வயலுக்கு உரமாக இட்டார், அவருடைய ஆடுகளில் சில லிஸ்டீரியா நோயால் இறந்திருந்தன. அறுவடையான முட்டைக்கோஸ் குளிர்காலம் முழுவதும் குளிர்ந்த கிடங்கில் இருந்தது. உணவின் வழியாகவே இந்நோய் மனிதருக்கு வருகிறது என்பதை ஐயமற நிறுவிய நிகழ்வு இது.

1983 முதல் 1987 வரை மேற்குச் சுவிட்சர்லாந்தில் வாஷ்ரன் மோன்டோர் என்ற மென்மையான பாலாடைக்கட்டியால் 122 பேருக்கு நோய் வந்தது. அங்கே பெரியவர்களிடம் மூளைத்தண்டு வடிவம் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காணப்பட்டது, அவர்களில் பலர் அதுவரை நலமாக இருந்தவர்கள். 1985-இல் கலிஃபோர்னியாவில் மெக்சிகோ பாணிப் பாலாடைக்கட்டியால் 142 பேருக்கு வந்தது. இந்த மூன்று நோய்ப்பரவலும் சிசி1 என்ற ஒரே குலத்துக் கிருமியால் வந்தவை என்பது பின்னர் தெரிந்தது.

2016-இல் இரண்டு ஆய்வுகள் இந்தக் கோணத்தை வலுப்படுத்தின. பாஸ்டர் நிறுவனத்தின் மோரி குழுவினர் சிசி1, சிசி4, சிசி6 போன்ற குலங்கள் மற்றவற்றைவிடக் கொடியவை என்றும், சிசி4 குலத்தில் மூளையையும் நச்சுக்கொடியையும் தாக்க உதவும் தனி மரபணுத் தொகுதி இருப்பதாகவும் காட்டினார்கள். பெர்னின் டிரையர் குழுவினர், ஆடுமாடுகளின் மூளைத்தண்டு நோயில் சிசி1-இன் மையக் கிளையே மேலோங்கியிருப்பதைக் கண்டார்கள். ஆக, எந்த வழி என்று கேட்பதற்கு முன், எந்தக் குலம் என்று கேட்கவேண்டியிருக்கிறது. சில குலங்கள் நரம்பு வழியிலும் சில இரத்த வழியிலும் தேர்ந்தவையாக இருக்கக்கூடும். இப்போதைக்கு இது ஊகம் என்ற அளவிலேயே நிற்கிறது.

நலமாக இருந்தவருக்கு ஏன்?

லிஸ்டீரியா பொதுவாக முதியவர், எதிர்ப்பாற்றல் குன்றியவர், கருவுற்றவர், பச்சிளங்குழந்தை ஆகியோரைத் தாக்கும். மூளைத்தண்டு வடிவம் இதற்கு விலக்கு. நாற்பது ஐம்பது வயதில், எந்த நோயும் இல்லாதிருந்தவர்களே அதில் பெரும்பாலோர்.

நரம்பு வழிக்காரர்கள் தரும் விளக்கம் இது: எதிர்ப்பாற்றல் உள்ளவரின் இரத்தத்தில் கிருமி நிலைக்க முடியாது, நரம்பிழைக்குள் தஞ்சம் புகுந்தவை மட்டும் தப்பி மூளைத்தண்டை அடைகின்றன. எதிர்ப்பாற்றல் இல்லாதவருக்கோ, நரம்புவழி போகும் கிருமி போய்ச் சேர்வதற்கு முன்பே இரத்தத் தொற்று முந்திக்கொள்கிறது. இது அழகான விளக்கம். ஆனால் பின்னோக்கிப் பொருத்திய விளக்கம். மரபுவழியான ஏதோ ஒரு நுண்ணிய குறை அவர்களிடம் இருக்கலாம் என்பது மாற்றுக் கருத்து. இரண்டையும் பிரித்தறியப் போதிய நோயாளிகள் ஓரிடத்தில் சேர்வதில்லை. பிரான்சு முழுவதும் 2009 முதல் 2013 வரை நடந்த மோனலிசா என்ற பெரிய ஆய்வில் சேர்ந்த 818 பேரில் நரம்பு மண்டல நோயாளிகள் 252 பேர். அவர்களிலும் மூளைத்தண்டு பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ ஆறில் ஒருவரே.

படுக்கை அருகே இந்த விவாதத்தின் எடை

கிருமி நரம்பிழைக்குள்ளும் மூளைத்திசுவுக்குள்ளும் இருக்கும்போது தண்டுவட நீரில் அது மிதக்க வேண்டியதில்லை. 1993-ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஐந்தில் இருவரின் தண்டுவட நீரில்தான் கிருமி வளர்ந்தது. அணுக்களின் எண்ணிக்கையும் பலரிடம் சிறிதளவே கூடியிருந்தது. கழுத்து விறைப்பு ஏறத்தாழ பாதிப்பேருக்கு இல்லை. பரிசோதனை தவறிவிட்டது என்று இதைக் கொள்ளக் கூடாது. நோய் வேறோர் இடத்தில் இருக்கிறது என்றே கொள்ளவேண்டும். நரம்புக் கோட்பாடு மருத்துவருக்குத் தரும் மிகப் பயனுள்ள செய்தி இது.

காசநோய் மிகுந்த இந்தியா போன்ற நாடுகளில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. காய்ச்சல், தலைவலி, மூளை நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழப்பது, தண்டுவட நீரில் நிணவணுக்கள். இந்தச் சேர்க்கையைக் கண்டால் முதலில் நினைவுக்கு வருவது காசநோய் மூளை உறை அழற்சி, அப்படி நினைப்பதும் சரியே. ஆனால் அதற்கான சிகிச்சையில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும் சேர்கிறது. மோனலிசா ஆய்வில், லிஸ்டீரியா மூளை நோய்க்கு டெக்ஸாமெத்தசோன் பெற்றவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்தது. காரணம் அதுவேதான் என்று அந்த ஆய்வால் அறுதியிட முடியாது. ஆயினும் எச்சரிக்கை அங்கே இருக்கிறது. மூளை உறை அழற்சிக்கு எல்லா மருத்துவமனைகளிலும் முதலில் கைக்கு வரும் செஃப்ட்ரியாக்சோன் உள்ளிட்ட செஃபலோஸ்போரின் மருந்துகளும் லிஸ்டீரியாவிடம் இயல்பிலேயே வேலை செய்யாதவை. ஐயம் எழுந்தவுடன் ஆம்பிசிலினைச் சேர்ப்பது, மூளைத்தண்டு வடிவமென்றால் ஆறு வாரம் வரை தொடர்வது என்பதே வழக்கமான பரிந்துரை. அதோடு ஜென்டாமைசினோ கோட்ரைமாக்சசோலோ சேர்ப்பதால் எவ்வளவு நன்மை என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. மோனலிசா இரண்டுக்கும் ஆதரவாகச் சாய்ந்தது.

எஞ்சியிருப்பவை

சான்றுகளை எடைபோட்டால், லிஸ்டீரியாவின் மூளை உறை அழற்சிக்கு இரத்த வழியும், மூளைத்தண்டு அழற்சிக்கு நரம்பு வழியும் பெரும்பாலும் பொருந்துவதாகத் தோன்றுகிறது. ஒரே கிருமி உண்டாக்கும் இரண்டு நோய்களை ஒன்றென எண்ணி விவாதித்ததால் இந்தச் சர்ச்சையின் ஒரு பகுதி நீண்டிருக்கலாம். ஆனால் ஒரே நோயாளியிடம் இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. அவரிடம் எது முதலில் வந்தது, ஒன்று மற்றொன்றுக்கு வழிவிட்டதா என்பதைச் சொல்லக்கூடிய சான்று நம்மிடம் இல்லை. இன்டர்னாலின்-பி பாதுகாக்கும் மோனோசைட்டுகள் மூளைத்தண்டு வடிவத்தில் பங்கெடுக்கின்றனவா என்பதும் விடை காணாதது.

ஆடுகளிடம் நரம்புக் கோட்பாட்டை நிலைநாட்ட உதவியது நரம்பைப் பாதை நெடுகப் பின்தொடர்ந்தது. உதடு, ஈறு, முப்பெருநரம்பு, அதன் முடிச்சு, மூளைத்தண்டு என்று ஒவ்வொரு கட்டத்திலும் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். இந்நோயால் இறக்கும் மனிதர்களிடம் உடற்கூறாய்வு நடப்பதே குறைவு. நடந்தாலும் மூளை எடுக்கப்படுகிறது. மண்டையோட்டின் அடித்தளத்தில் ஒரு பள்ளத்தில் படிந்திருக்கும் முப்பெருநரம்பின் முடிச்சு பெரும்பாலும் அங்கேயே விடப்படுகிறது.